சின்ன சுஷி கடையில் காசு எதற்குப் போகிறது: அறைக்கா, மீனுக்கா?

கேள்வி, ஜனவரி 9

நண்பர் ஒருவர் தன் பிறந்த நாளுக்கு எட்டே இருக்கை உள்ள ஒரு சுஷி கடைக்கு அழைத்திருக்கிறார். மங்கலான விளக்கு, நீளமான ஒற்றை மரப்பலகை, சத்தமில்லாத அறை. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மெனு கிடையாதாம், செஃப் கொடுப்பதைச் சாப்பிட வேண்டுமாம், விலையோ மற்ற கடைகளைவிடப் பல மடங்கு. சுஷி என்றால் சோறும் மீனும்தானே? எங்கே சாப்பிட்டாலும் அதேதான். மீதிப் பணம் விளக்குக்கும் மரத்துக்கும் போகிறது என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜனவரி 9, இரவு

மறுக்கிறேன். விளக்குக்கும் மரத்துக்கும் கொஞ்சம் போகிறதுதான். ஆனால் அங்கே நீங்கள் பெரும்பாலும் வாங்குவது நேரத்தை. செஃப் கையிலிருந்து உங்கள் வாய்க்கு வரும் சில நொடிகளைக் காப்பாற்றத்தான் அந்த அறையே அவ்வளவு சின்னதாக இருக்கிறது.

நிகிரி என்பது கையால் பிடித்த ஒரு வாய்ச் சோறும் அதன் மேல் ஒரு துண்டு மீனும். சோற்றை ஷாரி என்பார்கள், மேலே வைப்பதை நேத்தா என்பார்கள். நல்ல கடையில் ஷாரி நம் உடம்புச் சூட்டில் இருக்கும், மீன் அதைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். சோற்றின் வெளிப்பக்கம் பிடித்த பிடியில் நிற்கும், உள்ளே பருக்கைகளுக்கு நடுவில் காற்று இருக்கும். பலகையில் வைத்ததும் அது லேசாக அமுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நொடியில் எடுத்து வாயில் போட்டால் பருக்கை பருக்கையாக உதிர்ந்து மீனோடு சேர்ந்து போகும். ஐந்து நிமிடம் விட்டால் சோறு ஆறும், மேற்பரப்பு காயும், மீனின் குளிர்ச்சி போய்விடும். அப்புறம் வாயில் சோறு தனி, மீன் தனி.

இதைத் தட்டில் அடுக்கி, ஒருவர் தூக்கிக்கொண்டு மூன்று மேசை தாண்டி வந்து கொடுக்க முடியாது. ஒருவர் கை ஒரு வேளையில் எட்டுப் பேரைக் கவனிக்கும், மிஞ்சினால் பத்துப் பேரை. டோக்கியோவின் கின்சாவில் உள்ள சுகியாபாஷி ஜிரோ 2007-இல் உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷெலின் கையேட்டின் மூன்று நட்சத்திரம் பெற்றபோது, அது ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் பத்து இருக்கையோடு நடந்த கடை. அலங்காரத்துக்காக யாரும் அங்கே போகவில்லை.

ஜனவரி 10

இன்னொன்று விட்டுப்போனது. போனால் முதல் துண்டிலேயே சோற்றைக் கவனியுங்கள். சுஷி என்றதும் எல்லோரும் மீனைப் பற்றியே பேசுகிறோம். மீன் சந்தையில் காசு கொடுத்தால் கிடைக்கும். சோறு அப்படிக் கிடைக்காது. அரிசியைத் தேர்ந்தெடுப்பது, ஊறவைப்பது, தண்ணீர் அளவு, வெந்த கையோடு அகலமான மரத் தொட்டியில் கொட்டி வினிகர், உப்பு, சர்க்கரையைக் கலப்பது, குழையாமல் வெட்டி வெட்டிக் கிளறுவது, விசிறி ஆற்றுவது, பிறகு அந்தச் சூடு போகாமல் வைத்திருப்பது என்று ஒவ்வொன்றிலும் செஃப்பின் தீர்மானம் இருக்கிறது. சில இடங்களில் ஒரே இரவில் இரண்டு முறை புதிதாக வடிக்கிறார்கள். எட்டுப் பேருக்காக இரண்டு முறை! இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விலையின் கணக்கே பிடிபட ஆரம்பித்தது.

ஜனவரி 10, இரவு

கீழே ஒருவர், "நான் போன இடத்தில் சோறு பழுப்பாக இருந்தது, பழைய சோறு என்று நினைத்து அப்படியே வைத்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். ஐயோ, அது பழைய சோறு இல்லை. அகாசு என்கிற சிவப்பு வினிகர். சாக்கே என்ற அரிசி மது வடித்த பிறகு மிஞ்சும் மண்டியைப் பல ஆண்டுகள் முதிரவைத்து அதிலிருந்து எடுப்பது. ஹண்டா என்ற ஊரில் மது தயாரித்துவந்த நாகானோ மதாசாஎமோன் என்பவர் 1804-இல் இந்த மண்டி வினிகரைச் செய்யத் தொடங்கினார். அரிசியில் எடுத்த வினிகரைவிட இது அன்று மலிவாக இருந்தது. இன்றைய டோக்கியோ அன்று எடோ. அந்த நகரத்துச் சுஷிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். புளிப்பு மென்மையாக இருக்கும், சுவை ஆழமாக இருக்கும், சர்க்கரை அதிகம் தேவைப்படாது. கொழுத்த சூரை மீனுக்கு இதைப்போல ஒத்துப்போவது வேறு இல்லை. அடுத்த முறை பழுப்புச் சோறு வந்தால் சந்தோஷப்படுங்கள், அங்கே ஒருவர் யோசித்து வேலை செய்கிறார் என்று அர்த்தம்.

ஜனவரி 12

"மீன் அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், அதுதான் சுஷி" என்று இரண்டு பேர் அடித்துச் சொல்கிறார்கள். பாதிதான் சரி.

கணவாய், சிப்பி, சில சின்ன மீன்கள் சீக்கிரம் சாப்பிட வேண்டியவை. ஆனால் சூரையும் பெரிய வெள்ளை மீன்களும் பிடித்த அன்று விறைப்பாக, சவசவவென்று இருக்கும், சுவை இன்னும் வந்திருக்காது. மீன் இறந்த பிறகு அதன் தசையில் உள்ள ஏடிபி என்ற ஆற்றல் தரும் பொருள் படிப்படியாக உடைந்து இனோசினிக் அமிலமாகிறது. நாக்கில் சுவையாகத் தெரிவது அதுதான். கிகுனாயே இகேதா 1908-இல் கோம்பு என்ற கடற்பாசியில் குளுட்டமேட்டைக் கண்டு அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அவருடைய மாணவர் ஷின்தாரோ கொதாமா 1913-இல் உலர்ந்த கட்சுவோ மீனில் இந்த இனோசினிக் அமிலத்தைக் கண்டார். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் சுவை பல மடங்கு ஏறும். வெள்ளை மீனைக் கோம்புக்கு நடுவில் வைத்து ஓர் இரவு மூடிவைக்கும் பழக்கம் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் முந்தியது. நாக்கு முதலில் கண்டது, ஆய்வுக்கூடம் பின்னால் வந்தது.

எடோ காலத்தில் குளிர்பதனப் பெட்டி ஏது? அதனால் அந்தக் காலத்துச் சுஷிக்காரர்கள் பச்சை மீனை அப்படியே வைக்கவில்லை. மத்திக்கு உறவான கொஹாதா என்ற சின்ன மீனுக்கு உப்புப் போட்டு, வினிகரில் நனைத்து எடுத்தார்கள். சூரையைச் சோயாவில் ஊறவைத்தார்கள். கடல் விலாங்கை மெதுவாக வேகவைத்து, அதே சாற்றைச் சுண்டக் காய்ச்சி மேலே தடவினார்கள். இறாலையும் சிப்பியையும் வேகவைத்தார்கள். கெடாமல் காக்கச் செய்த வேலைதான் பிறகு ருசியாகவே நின்றுவிட்டது. எடோமாயே, அதாவது எடோ பாணி, என்று பெயர் போட்டிருக்கும் கடையில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது இந்தக் கைவேலையைத்தான்.

இன்று எல்லோரும் ஏங்கும் அந்தக் கொழுத்த வயிற்றுப் பகுதி, தோரோ, அன்று மதிப்பே இல்லாதது. சீக்கிரம் கெட்டுவிடும் என்று ஒதுக்கினார்கள். குளிர்பதனம் வந்த பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது.

ஜனவரி 12, நள்ளிரவு

இதையும் எழுதிவிட்டே தூங்கப் போகிறேன், ஏனென்றால் இது உடம்பு சம்பந்தப்பட்டது. "வினிகரும் வசாபி என்ற பச்சைக் கார விழுதும் புழுவைக் கொன்றுவிடும்" என்று மேலே எழுதியிருப்பது ஆபத்தான தவறு. அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணி இரண்டுக்கும் சாகாது. சாவது கடுங்குளிரில், இல்லையென்றால் நன்றாக வேகவைத்தால். பச்சையாகப் பரிமாறும் மீனை -20 டிகிரி செல்சியஸில் 7 நாள், அல்லது -35 டிகிரியில் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏயின் வழிகாட்டல். சில சூரை இனங்களுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆகவே "உறையவைத்த மீன்" என்று கேள்விப்பட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

ஜப்பானியர்கள் சால்மனை வழக்கமாகப் பச்சையாகச் சாப்பிட்டதே இல்லை, இந்த ஒட்டுண்ணிப் பயத்தால்தான். நார்வே 1980-களின் நடுவில் பண்ணை சால்மனைக் கொண்டுபோய்ப் பாடுபட்டு விற்றது. இன்று சுஷி என்றதும் பலருக்கு நினைவு வருவதே சால்மன்தான். பழமையை விடாத சில சுஷி கவுண்டர்களில் (செஃப்பின் பலகை முன்னால் உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில்) இன்றும் அது கிடைக்காது. கேட்டு வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம்.

கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை மீனைத் தவிர்ப்பது நல்லது. இதில் பெருமைக்கு இடமில்லை. முன்கூட்டியே சொன்னால் வேகவைத்ததை மட்டும் வைத்து அழகாகப் பரிமாறுவார்கள்.

ஜனவரி 15

நடைமுறை பற்றிக் கேள்வி மேல் கேள்வி வருகிறது. நிறையப் பேர் பயந்துபோய் இருக்கிறார்கள். பயமே வேண்டாம். நான் பார்த்த செஃப்கள் யாரும் விருந்தாளியைப் பரீட்சை வைப்பவர்களாக இல்லை.

கையால் சாப்பிடலாம். நிகிரியைப் பொறுத்தவரை கைதான் வசதி, சாப்ஸ்டிக்கால் இறுக்கினால் சோறு உடையும். துடைத்துக்கொள்ள ஈரத்துணி வைத்திருப்பார்கள். ஒரே வாயில் போடுங்கள். பெரிதாக இருந்தால் "சோறு கொஞ்சம் குறைவாக" என்று சொல்லலாம், அடுத்ததிலிருந்து அளவு மாறிவிடும்.

சோயா சாஸை இந்த மாதிரிக் கடையில் பெரும்பாலும் தொடவே வேண்டியதில்லை. நிகிரி என்று பெயர் சொல்லி ஒரு கலவையைச் செஃப்பே தூரிகையால் பூசித் தருவார். (சுஷியையும் நிகிரி என்கிறோமே என்று குழம்ப வேண்டாம், இது சோயாவும் மதுவும் சேர்த்துக் காய்ச்சியது, ஜப்பானியத்தில் வேறு எழுத்து.) தொட்டுக்கொள்ளும் கிண்ணம் வைத்திருந்தால் மீன் பக்கத்தை லேசாக நனையுங்கள். சோற்றை நனைத்தால் அது குடித்துக்கொண்டே போகும், கடைசியில் உப்பு மட்டும்தான் தெரியும். இஞ்சி ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் வாயைக் கழுவ. மேலே வைத்துச் சாப்பிட அல்ல.

வசாபி ஏற்கெனவே உள்ளே இருக்கும். உண்மையான வசாபி கிழங்கைச் சுறாத் தோல் ஒட்டிய பலகையில் வட்டமாகத் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது செல்கள் உடைந்து அந்தக் காரம் அப்போதுதான் உண்டாகிறது, சில நிமிடங்களில் பறந்தும் போகிறது. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும் பச்சைக் களிம்பு குதிரை முள்ளங்கியும் கடுகும் நிறமும் சேர்ந்தது. ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்து ருசித்தேன். களிம்பு மூக்கில் அடித்துவிட்டு அதோடு முடிந்தது. கிழங்கு முதலில் இனித்தது, பிறகு பச்சை இலை வாசனை, பிறகுதான் காரம், அதுவும் நின்று வேலை செய்யாமல் இறங்கிவிட்டது. அதற்காகவே நான் திரும்பத் திரும்பப் போவேன்.

வாசனைத் திரவியம் மட்டும் தயவுசெய்து வேண்டாம். சின்ன அறை, பக்கத்தில் இருப்பவருடைய இரவும் உங்கள் கழுத்தில் இருக்கிறது.

ஜனவரி 16

மரத்தைப் பற்றி. அந்தப் பலகை பெரும்பாலும் ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரம். விலை உயர்ந்தது, மென்மையானது, சீக்கிரம் கீறல் விழும். கடிகாரம், வளையல், கைபேசி எதையும் அதன் மேல் வைக்காதீர்கள். படம் எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்தால் ஒரு படம், உடனே சாப்பாடு. மூன்று கோணத்தில் எடுத்து முடிப்பதற்குள் முதல் நாள் நான் எழுதிய அந்தச் சில நொடிகள் போயே போய்விடும்.

ஜனவரி 18

அழகான கடை எல்லாம் நல்ல கடை என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. ஒரு மோசமான இரவைச் சொல்கிறேன், கடையின் பெயர் வேண்டாம்.

வாசலிலேயே மூங்கில், தண்ணீர்ச் சத்தம். உள்ளே கருங்கல் சுவர், ஒவ்வொரு இருக்கைக்கும் மேலே ஒரு விளக்கு, நாடக மேடை மாதிரி. பாட்டு நெஞ்சில் இடிக்கும் அளவுக்கு. முதல் துண்டு வந்தது, மேலே தங்க இலை. இரண்டாவது துண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் புகையோடு வந்தது, கூண்டைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மூன்றாவதில் காளான் எண்ணெய் வாசனை, மீன் எது என்றே தெரியவில்லை. எல்லாத் துண்டுக்கும் ஒரே சோறு, ஜில்லென்று, இறுகிப் போய். குளிரில் வைத்த சோற்றில் மாவுச்சத்து திரும்பவும் கெட்டிப்பட்டுவிடும், பருக்கை மணல் மாதிரி ஆகும், பிறகு எவ்வளவு நல்ல மீனை வைத்தாலும் பயன் இல்லை. உள்ளே எங்கேயோ சோற்று உருண்டைகளை முன்பே பிடித்து அடுக்கியிருக்கிறார்கள் என்று பின்னால் எட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

எனக்கு வருத்தம் காசுக்காக இல்லை. செஃப் நல்ல கைக்காரர். மீனை வெட்டிய விதத்தில் அது தெரிந்தது, ஒரே இழுப்பில், கத்தி முன்னும் பின்னும் அறுக்கவில்லை, வெட்டிய முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு அவரைப் புகைக் கூண்டு தூக்க வைத்திருக்கிறார்கள். அன்று முழுக்க அவர் ஒருமுறைகூட எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 19

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. விளக்கு ஒரு குற்றமில்லை. பலகையின் மேல் மட்டும் நல்ல வெளிச்சம், சுற்றிலும் மங்கல், இது சரியான யோசனைதான். மீனின் நிறம் உள்ளபடி தெரிய வேண்டும். மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் யோசிக்க வேண்டும். அறையின் அழகை நான் எடைபோடுவது இப்படித்தான்: அது என் கண்ணைச் செஃப்பின் கைக்குக் கொண்டுபோகிறதா, கையை விட்டுத் திருப்புகிறதா?

ஜனவரி 23

சைவ நண்பரைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்ற கேள்வி. போகலாம், ஆனால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அன்று போய் உட்கார்ந்துகொண்டு சொன்னால் செஃப் தவிப்பார், எட்டுப் பேருக்கு அளந்து வாங்கியிருப்பார்.

சைவத்தில் சுஷிக்குச் சொந்த மரபே உண்டு. வெள்ளரிச் சுருள், ஊறவைத்த முள்ளங்கிச் சுருள், இனிப்பாக வேகவைத்த ஷிதாகே காளான், பொரித்த டோஃபு பையில் சோறு அடைத்த இனாரி. என் கட்சி கன்ப்யோ. சுரைக்காயை நீளநீளமாகச் சீவி, வெயிலில் உலர்த்தி, சோயாவும் சர்க்கரையும் போட்டு வேகவைத்துச் சுருட்டுவது. ஆம், நமக்குத் தெரிந்த அதே சுரைக்காய்தான். ஜப்பானில் விளையும் கன்ப்யோ ஏறக்குறைய முழுவதும் தொச்சிகி மாகாணத்திலிருந்து வருகிறது. சாதுவாகத் தெரியும், சரியாக வேகவைத்தால் எந்த மீனுக்கும் குறையாது.

எச்சரிக்கை ஒன்று. கன்ப்யோவையும் காளானையும் வேகவைக்கும் நீர், சூப், முட்டை ஆம்லெட் எல்லாவற்றிலும் தாஷி என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்தது. முட்டையில் இறால் விழுது அரைத்துச் சேர்க்கும் கடைகளும் உண்டு. மீன் சாறே ஆகாது என்றால் "மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, தாஷியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மது ஆகாதவர்களும் மேலே பூசும் சோயாவைப் பற்றிக் கேட்டுக்கொள்ளலாம். அதில் சாக்கேயோ, மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவோ சேர்த்துக் காய்ச்சியிருப்பார்கள்.

ஜனவரி 27

சுழலும் பட்டையில் வரும் சுஷியை ஒருவர் கேவலமாகப் பேசியிருக்கிறார். பொறுக்க முடியவில்லை, கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

நிகிரி பிறந்தது பணக்கார அறையில் இல்லை. 1820-களில் எடோவின் ரியோகோகு பகுதியில் ஹனாயா யோஹேய் இதைப் பிரபலமாக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. தள்ளுவண்டியில் விற்றார்கள், வேலைக்கு நடுவில் வந்தவர்கள் நின்றபடி வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். அன்றைய துண்டு இன்றையதைவிட மிகப் பெரியது. அதற்கும் முன்னால் சுஷி என்றாலே மீனைச் சோற்றுக்குள் மாதக்கணக்கில் புளிக்கவைப்பதுதான். பீவா ஏரிக்கரையில் ஃபுனாசுஷி என்று அந்த வகை இன்றும் இருக்கிறது. நெடி தாங்கும் மூக்கு வேண்டும்.

1923-இல் கான்டோ நிலநடுக்கம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. வேலையிழந்த சுஷிக்காரர்கள் பல ஊர்களுக்குப் போனார்கள், எடோ சுஷியும் அவர்களோடு நாடெங்கும் பரவியது. போருக்குப் பிறகு 1947-இல் உணவுத் தட்டுப்பாட்டால் உணவகங்களை நடத்தத் தடை வந்தது. சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். வாடிக்கையாளர் ஒரு கோ, அதாவது சுமார் 180 மில்லிலிட்டர் அரிசி கொண்டுவந்தால், கூலி வாங்கிக்கொண்டு பத்துத் துண்டு சுஷியாக்கித் தருவோம், நாங்கள் உணவகம் இல்லை, அரிசியைப் பதப்படுத்தித் தருபவர்கள் என்றார்கள். அரசும் ஒப்புக்கொண்டது. நிகிரியின் அளவும் எண்ணிக்கையும் இன்றைய வடிவத்துக்கு நெருங்கியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு.

1958-இல் யோஷியாகி ஷிராயிஷி ஒசாகா பக்கத்தில் முதல் சுழல் சுஷி கடையைத் திறந்தார். பீர் ஆலையில் பாட்டில்கள் பட்டையில் நகர்வதைப் பார்த்து வந்த யோசனை. கூலிக்காரர்களும் குழந்தைகளும் சுஷி சாப்பிட முடிந்தது அதனால்தான். தள்ளுவண்டிக்கு நேர் வாரிசு யார் என்று கேட்டால், நான் அந்தப் பட்டையைத்தான் காட்டுவேன். மெழுகிய கவுண்டரும் அமைதியும் பின்னால் வந்தவை. இரண்டிடத்திலும் நான் மனம் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றை உயர்த்த இன்னொன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை.

ஜனவரி 28

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் விலை எதற்கு, பட்டையே போதுமே" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான மடக்கு. இரவு முழுக்க யோசித்தேன். பசிக்கும் மகிழ்ச்சிக்கும் பட்டை போதும். ஒருவர் தன் கைவேலையை உங்களுக்காக, உங்கள் வேகத்துக்கு, உங்கள் முகத்தைப் பார்த்துச் செய்வதை அனுபவிக்கக் கவுண்டர். பின்னதை எல்லோரும் விரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. பணம் நெருக்கடியாக இருக்கும் மாதத்தில் யாரும் இதற்காகக் கடன் வாங்கிப் போக வேண்டாம், மனதாரச் சொல்கிறேன்.

பிப்ரவரி 2

விலையைப் பற்றி இன்னும் கொஞ்சம். முன்பணம் கேட்கிறார்களே, ரத்து செய்தால் திருப்பித் தரமாட்டேன் என்கிறார்களே என்று கோபப்பட்டவருக்கு: எட்டு இருக்கையில் இரண்டு பேர் வராவிட்டால் அந்த இரவின் வருமானத்தில் கால்வாசி போய்விட்டது. மீன் ஏற்கெனவே வாங்கி, வெட்டி, ஊறவைத்தாயிற்று. நாளைக்கு வைத்து விற்க முடியாதது பல. வர முடியாது என்றால் முடிந்தவரை சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

2019 ஜனவரி 5 அன்று டொயோசு சந்தையின் புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள ஒரு நீலத்துடுப்புச் சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. அதை வைத்து எல்லாச் சூரையும் அந்த விலை என்று நினைக்காதீர்கள், அது புத்தாண்டு விளம்பர ஏலம், சாதாரண நாளின் விலை அதன் அருகில்கூட வராது.

சூரை சாப்பிடுவது சரியா என்ற கேள்வியும் வந்தது. என் மனதில் இது நெடுநாளாக இருக்கிறது. 2021-இல் அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களைக் கணக்கெடுக்கும் ஐயூசிஎன் அமைப்பின் செம்பட்டியலில் அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையின் நிலை நன்றாகவே முன்னேறியது, பிடிக்கும் அளவைக் கட்டுப்படுத்தியதன் பலன் அது. தெற்கு நீலத்துடுப்புச் சூரை முன்னைவிடத் தேறினாலும் அழியும் ஆபத்தில் உள்ளதாகவே பட்டியலில் நின்றது. நான் கவுண்டரில் மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். நல்ல செஃப் கடலின் பெயரைச் சொல்வார், பல நேரம் பிடித்த முறையையும் சொல்வார். பதில் வராத இடத்தில் எனக்குச் சூரை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கொஹாதாவும் அயிலையும் கணவாயும் இருக்கும்போது இழப்பு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 8

கேள்வி கேட்டவர் போய்வந்துவிட்டார்! முழுக்கப் படித்தேன். பிடித்திருந்தது, ஆனாலும் விலை அதிகம்தான் என்கிறார். சரி, அது அவர் தீர்ப்பு, மதிக்கிறேன். ஆனால் போகிறபோக்கில் அவர் எழுதிய ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். மூன்றாவது துண்டிலிருந்து தனக்கு மட்டும் செஃப் நிகிரியை வேறு பக்கமாகச் சாய்த்து வைத்தாராம், ஏன் என்று புரியவில்லையாம்.

நீங்கள் இடது கைக்காரர்தானே? அதைத்தான் அவர் கவனித்திருக்கிறார். வலது கையால் எடுப்பவருக்கு ஒரு சாய்வு, இடது கைக்கு எதிர்ச் சாய்வு. யாரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை, முதல் இரண்டு துண்டை நீங்கள் எடுத்த விதத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டார். எட்டு, பத்து இருக்கைக்கு மேல் போனால் இது நடக்காது.

பிப்ரவரி 8, இரவு

அவருடைய இன்னொரு சந்தேகம்: "கடைசியில் முட்டை வந்ததும் முடிந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது." முட்டை வந்தால் செஃப் வகுத்த வரிசை முடிகிறது என்று பொருள். அதன் பிறகு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்பார்கள். பிடித்ததை மறுபடி கேட்கலாம், வராததையும் கேட்கலாம், அதற்குத் தனி விலை. நான் கொஹாதா இருந்தால் இன்னொன்று கேட்பேன். உப்பும் வினிகரும் எவ்வளவு நேரம் என்று மீனின் பருமனையும் கொழுப்பையும் பார்த்து அன்றன்று மாற்ற வேண்டிய மீன் அது, செஃப்பின் கை அதில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியாது. அப்புறம் ஒரு கன்ப்யோச் சுருள்.

பிப்ரவரி 11

நான்கு பேராகப் போகத் திட்டமிடுபவருக்கு. கவுண்டரில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும், முதல் ஆளும் நான்காவது ஆளும் பேசிக்கொள்ள முடியாது, குரலை உயர்த்தினால் மொத்த அறைக்கும் கேட்கும். பலகை மூலையில் திரும்பும் கடையாக இருந்தால் அந்த மூலையைக் கேட்டு வாங்குங்கள், முகம் பார்த்துப் பேசலாம். இல்லையென்றால் இரண்டு இரண்டு பேராக வேறு வேறு நாளில் போங்கள். தனியாகப் போவதற்குத் தயங்குபவர்கள் தயங்க வேண்டாம், தனி ஆளுக்குத்தான் பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஓர் இடம் காலியாகும். செஃப்பும் அப்போதுதான் அதிகம் பேசுவார். சின்னக் குழந்தைகளை அனுமதிக்காத கடைகள் பல உண்டு, முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.